அஞ்சு தோட்டா மெர்ல்

ஒன்று போட்டார், ஒரு குழியைத் தாண்டினார், பிறகு வரிசையாக நான்கு போட்டார். தோட்டாவைத் தட்டும் ரிவால்வர்ச் சுத்தியலை முழுக்கப் பின்னுக்கு இழுத்து, பெருவிரலை எடுக்காமல் மெல்ல இறக்கினார். தோட்டா இல்லாத ஆறாவது குழியின் மேல் அது உட்கார்ந்ததா என்று ஒரு கண்ணைச் சுருக்கிப் பக்கவாட்டில் பார்த்தார். அதன் பிறகுதான் மெர்ல் பெக்ஸ்டெட் தன் காலுறையைத் தேட ஆரம்பித்தார்.

மலைமேல் வேட்டை முகாமில், மூச்சு விட்டால் புகையாகத் தெரிகிற அக்டோபர் விடியல். கூடாரத்தின் மறு கட்டிலில் கிடந்த ராய்ஸ் காலிஸ்டர் போர்வைக்குள்ளிருந்தே குரல் கொடுத்தார்.

"பூசை முடிஞ்சுதா மாப்ள?"

"முடிஞ்சுது மச்சான். நீயும் எந்திரிச்சு அடுப்புல ரெண்டு விறகாவது வை. மான் வந்து உன்னை எழுப்பாது."

ராய்ஸ், மெர்லுடைய மனைவி லியோனாவின் அண்ணன். கீழே ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார். இந்த மாப்பிள்ளையும் மச்சானும் வருடத்தில் பதினோரு மாதம் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டும், ஒரு மாதம் ஒரே கூடாரத்தில் படுத்துக்கொண்டும் நாற்பது வருடத்தைத் தள்ளிவிட்டார்கள்.

மெர்லுக்கு அறுபத்தெட்டு வயது. சாலையில் பனியை ஒதுக்கித் தள்ளும் வண்டியை முப்பத்திநான்கு குளிர்காலம் ஓட்டியவர். கணவாய்ச் சாலையில் இடுப்பளவு பனி கொட்டிய நாட்களில்கூடப் பள்ளிப் பேருந்து ஒரு நாளும் தாமதமானதில்லை. இதை யாராவது மறந்துவிடப் போகிறார்களோ என்ற கவலையில் மாதம் ஒரு முறையாவது அவரே ஞாபகப்படுத்துவார். "கரடி தூங்கப் போயிரும். பாதிரியார் தூங்கப் போயிருவார். நான் போகமாட்டேன்" என்பார். தற்பெருமைதான். ஆனால் கேட்கிறவர்கள் எல்லோரும் அந்தப் பேருந்தில் பிள்ளைகளை அனுப்பியவர்கள் என்பதால் யாரும் மறுத்துப் பேசியதில்லை.

எண்ணுவது அவருக்கு வியாதி. முளைக்குச்சிகளை எண்ணுவார். கோவேறு கழுதைகளை, வரிசையாக நிற்கும்போதும் எண்ணுவார், தண்ணீர் குடிக்கும்போதும் எண்ணுவார். காபிப் பாத்திரத்தில் தூள் அடியில் படிய முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டு, இருநூறு வரை எண்ணிவிட்டு இறக்குவார். அந்தக் காபியைக் குடித்தவர்கள் கீழே போய்க் கடைக் காபியைக் குடிக்க முடியாமல் ஒரு வாரம் கஷ்டப்படுவார்கள் என்பது அவருடைய கட்சி. உண்மையில் அது தாரைப் போல இருக்கும். குடித்துப் பழகியவர்களுக்கு மட்டும் பிடிக்கும்.

அவருடைய ரிவால்வருக்கு வருவோம். நாற்பத்தைந்து காலிபர், பழைய மாடல், ஒவ்வொரு வெடிக்கும் சுத்தியலைக் கையால் இழுக்க வேண்டிய ரகம். மலையில் பொறி வைத்துப் பிழைத்த ஒரு கிழவர், ஒரு குளிர்காலம் முழுக்கத் தன் வீட்டு வழியை அடைபடாமல் பார்த்துக்கொண்டதற்காக மெர்லுக்குக் கொடுத்தது. கறுநீலப் பூச்சு தேய்ந்து குழலின் முனை பிளம் பழ நிறத்துக்கு வந்துவிட்டது. கைப்பிடியின் வால்நட் கட்டை, அவர் உள்ளங்கை எங்கெல்லாம் படுமோ அங்கெல்லாம் பள்ளம் விழுந்து கிடக்கிறது. வேட்டைக்குத் துப்பாக்கி வேறு. இது இடுப்புக்கு. ராத்தூக்கத்துக்கும் காலைக் காபிக்கும் நடுவில் ஏதாவது வந்தால் அதற்கு.

அதன் ஆறாவது குழிக்குள் பழுப்பாக ஒரு தோல் சுருள் இருக்கிறது. சுருட்டித் திணித்தது. எண்ணெயில் ஊறி வழவழவென்று இருக்கும். அது என்ன என்பதற்கு முகாமில் ஆளுக்கொரு பதில் உண்டு. லியோனா கல்யாணத்துக்கு முன்னால் எழுதிய கடிதத்தைத் தோலில் சுற்றி வைத்திருக்கிறார் என்பார் ராய்ஸ். மழைத்தண்ணீர் இறங்காமல் இருக்க அடைப்பு என்பாள் முகாமில் இருக்கும் ஒரே பெண் டார்லா. அவரையே கேட்டால், "அஞ்சு பேரு வேலை செய்யும்போது ஒருத்தன் சும்மா இருந்தா அவனுக்குக் குளிரும்ல, அதான் போர்வை" என்பார். ஐந்து தோட்டாவுக்கு மேல் அவர் போட்டதில்லை. யார் போட்டாலும் விடுவதில்லை. அதனால்தான் சாமன் ஆற்றங்கரையில் மெர்ல் என்றால் எந்த மெர்ல் என்று கேட்பவர்கள், அஞ்சு தோட்டா மெர்ல் என்றால் வழி காட்டிவிடுவார்கள்.

வலது காலைச் சற்று வெளியே தள்ளி நடப்பார். பனியில் விழுந்த அடித்தடத்தைப் பார்த்தே, "அண்ணன் இந்தப் பக்கம் போயிருக்கு" என்று டார்லா சொல்லிவிடுவாள். தொண்ணூற்றொன்றில் ராய்ஸின் கோவேறு கழுதை பெட்டூனியா மிதித்துச் சுண்டுவிரல் போய்விட்டதாம். "பெட்டூனியா போட்ட கையெழுத்து" என்று காலைத் தட்டிக் காட்டுவார். அந்தச் சமயத்தில் மட்டும் அவர் எதிராளியின் கண்ணைப் பார்ப்பதில்லை.

அன்றைக்கு வேட்டை இல்லை. காலை எட்டு மணிக்கு இறங்கிய மூடுபனி மதியம் வரை ஏறவில்லை. எதிரே நிற்பது எல்க் மானா, சக வேட்டைக்காரனா என்று தெரியாத பனியில் துப்பாக்கியோடு திரிகிறவனை இந்த முகாமில் மறு வருடம் சேர்க்கமாட்டார்கள். மறுநாள் மூட்டை கட்டிக் கீழே இறங்க வேண்டும். இறைச்சிக் கம்பத்தில் இரண்டு மான் தொங்கின. ஆடு மேய்க்கும் மார்ட்டின் எச்சபே இரும்புச் சட்டியில் முதுகுக் கறியையும் தன் வீட்டுச் சிவப்பு மிளகாயையும் போட்டு மூடி, மூடியின் மேல் தணலை அள்ளி வைத்தார். நான்கு பேரும் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மெர்லுக்கு வலது பக்கம் ராய்ஸ், இடது பக்கம் டார்லா, எதிரே எச்சபே.

இந்த நெருப்புக்குச் சில சட்டங்கள் உண்டு. கதை சொல்கிறவர் தன் ரிவால்வரைத் திறந்து, தோட்டாக்களைத் தொப்பியில் கொட்டி, கைப்பிடி முன்னால் இருக்கும்படி நீட்ட வேண்டும். அது சூரியன் போகிற திசையில், இடது பக்கமாகவே கைமாறும். வலது பக்கம் ஒட்டி உட்கார்ந்திருப்பவருக்குக் கொடுப்பதானாலும் நெருப்பை முழுச் சுற்று சுற்றித்தான் போக வேண்டும். கதைக்குப் பேர், இடம், வருடம் மூன்றும் வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது கதையில்லை. சொன்னவர் எழுந்துபோய் ஒரு சுமை விறகு கொண்டுவர வேண்டும்.

அதிகமாக விறகு சுமந்தவர் மெர்ல்தான். ஒவ்வொரு வருடமும், "ஒருத்தன் ஆறு தோட்டா போட்டு வச்சிருந்தான், கீழ விழுந்து வெடிச்சுது" என்று ஆரம்பிப்பார். யார் என்று கேட்பார்கள். பேர் சொல்லாமல் எழுந்து, காலைத் தள்ளித் தள்ளி நடந்துபோய் விறகு கொண்டுவருவார். முகாமுக்கு அது ஒரு வேடிக்கை.

முதலில் டார்லா தன் ரிவால்வரைச் சுற்றிவிட்டாள். முப்பது வருடம் மலைக் கிராமங்களுக்குத் தபால் கொண்டுபோனவள். இப்போது கழுதைகளை வாடகைக்கு விடுகிறாள். அப்பா வைத்திருந்த குட்டி ரிவால்வர். நிக்கல் பூச்சு உரிந்து சொறி பிடித்ததுபோல இருக்கும்.

"பேரு டார்லா. பாந்தர் ஓடைப் பாலம், ரெண்டாயிரத்து நாலு. தபால் வண்டிக்கு அடியில கிலுகிலுப்பைப் பாம்பு. படுத்துக்கிட்டு ஒரு குண்டு வச்சேன். பாம்பு செத்துச்சு."

"ரெண்டாவது குண்டு?" என்றார் எச்சபே, தெரிந்துகொண்டே.

"அது ரேடியேட்டருக்கு."

"அதுவும் செத்துச்சு."

"ஆமாய்யா, செத்துச்சு. பதினோரு மைல் நடந்து தபால் கொடுத்தேன். ஒரு கடுதாசி தவறல. அதையும் சேத்துச் சொல்லு."

எச்சபேயின் ரிவால்வருக்குக் கைப்பிடி ஆட்டு எலும்பில் செதுக்கியது. அவர் ஆடு மேய்க்கும் கூடாரத்துக்குள் புகுந்த கறுங்கரடி பாலாடைக்கட்டியைத் தின்றுகொண்டிருந்த கதையைச் சொன்னார். வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைத்தாராம். கரடி திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி தின்றதாம்.

"அப்புறம் என்ன பண்ணின?"

"ரொட்டியையும் எடுத்துக் கொடுத்தேன். வெறும் பாலாடைக்கட்டி தொண்டையில அடைச்சுக்கும்ல."

மெர்ல் வயிறு குலுங்கச் சிரித்தார். இந்த நான்கு பேர், இந்த நெருப்பு, இந்த ரிவால்வர்கள். இதற்கு நடுவில் உட்கார்ந்திருக்கும்போது அவருக்கு உலகத்தில் யார்மீதும் பொறாமை கிடையாது.

பிறகு ராய்ஸ் எழுந்தார். எழுந்து நின்று காட்ட வேண்டிய சரக்குதான். இந்த வருடம் புதிதாக அவர் கைக்கு வந்தது, ஐம்பதுகளில் செய்த ரிவால்வர். பூச்சு கலையாமல் கண்ணாடியாக மின்னியது. தன்னிடம் நாற்பது வருடம் முடிவெட்டிக்கொண்டவர் சாகும்போது தன் பேருக்கு எழுதிவைத்தது என்று சொன்னார். பக்கத்துத் தகட்டைத் திறந்து, தோட்டாக்களை ஒவ்வொன்றாகத் தொப்பியில் தள்ளினார்.

மெர்ல் எண்ணினார். அவரால் எண்ணாமல் இருக்க முடியாது.

"மச்சான், ஆறு இருக்கு."

"இருக்கு. ஆறு பேரு உக்கார்ற வண்டியில அஞ்சு பேரை ஏத்திட்டு ஒருத்தனை நடக்கவா விடுவாங்க?"

"இதை இடுப்புல கட்டிக்கிட்டா பதினாலு மைலு கழுதை மேல வந்த?"

"வந்தேன். ஏதாச்சும் ஆச்சா? நேத்து இறைச்சிக் கம்பத்துப் பக்கம் கரடித் தடம் பாத்தல்ல? ஒரு தோட்டா கூட இருந்தா ஒரு உயிரு கூட இருக்கும் மாப்ள."

முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால் மெர்ல் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட வார்த்தை அது. கரடித் தடத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லிக்கொண்டார்.

"ஒண்ணை எடுத்துரு மச்சான். பழைய மாடல் இது. சுத்தியல் நேரா தோட்டா மேலதான் உக்காந்திருக்கு. கல்லுல விழுந்தா தானா வெடிக்கும்."

"எவனுக்கு வெடிச்சுது?"

"ஒருத்தனுக்கு."

"பேரு?"

மெர்ல் குனிந்து ஒரு கட்டையை நெருப்புக்குள் தள்ளினார். டார்லா கையைத் தட்டினாள். "அண்ணே, விறகு!" எச்சபே சிரித்தார். "கயிறு அங்க தொங்குது பாரு" என்று கையைக் காட்டினார்.

மெர்ல் வழக்கம்போல எழுந்தார். கயிற்றை எடுத்துத் தோளில் போட்டு நான்கடி நடந்துவிட்டார். பின்னால் டிக், டிக் என்று தோட்டா ஏறும் சத்தம் கேட்டது. ஆறு முறை கேட்டது. திரும்பிப் பார்த்தார். ராய்ஸ் ரிவால்வரை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார். கோபத்தில் சுற்றுக்குக்கூட விடவில்லை. எழுபது வயது. மடங்காத முழங்கால். மரக்கட்டை மேல் ஏறி நின்று, வயிற்றைச் சேணத்தில் சாய்த்து, உருண்டுதான் கழுதை மேல் ஏறுவார். ஒவ்வொரு தடவையும் தொப்பை ரிவால்வரை உறையிலிருந்து பாதி வெளியே தள்ளிவிடும். நாளைக்கு இறங்க வேண்டிய பாதையில் மூன்று மைலுக்குக் கீழே எல்லாம் பாறை.

விறகு கொண்டுவந்தால் இன்னொரு வருடம் ஓடிவிடும். அஞ்சு தோட்டா மெர்ல் அஞ்சு தோட்டா மெர்லாகவே இருப்பார். மச்சான் இருப்பானா என்பதுதான் தெரியாது. லியோனாவிடம் போய் என்ன சொல்வது?

கயிற்றைக் கீழே போட்டுவிட்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார்.

"பேரு மெர்ல் பெக்ஸ்டெட்" என்றார். "இடம் உடைஞ்ச கோடாலி ஓடை. வருஷம் தொண்ணூத்தொண்ணு."

எச்சபே சட்டி மூடியைத் திறக்கப் போனவர் அப்படியே நின்றார்.

"கரடி நடமாட்டம்னு ஆறு போட்டேன். சேணப் பட்டையை இழுத்துக் கட்டக் குனிஞ்சேன். உறையில இருந்து நழுவி, சுத்தியல் நேரா கல்லுல பட்டுது. குண்டு பூட்ஸுக்குள்ள போய் விரலை எடுத்துக்கிட்டு வெளிய வந்துருச்சு. பெட்டூனியா சத்தத்துக்கு மிரண்டு ஓடிச்சு. அது ஓடினதைப் பாத்துத்தான் எனக்குப் பொய் தோணுச்சு. அப்புறம் மூணு வெடி வச்சு உன்னைக் கூப்பிட்டேன்."

ராய்ஸ் மெதுவாகத் தலையைத் தூக்கினார். "நாலு சத்தம் கேட்டுச்சு. அன்னிக்கே கேட்டேன் உன்னை. முதல் சத்தம் எதிரொலின்ன."

"எதிரொலி எப்படி மச்சான் முன்னால வரும்? நீ அவசரத்துல யோசிக்கல. பூட்ஸைக் கழட்டி மூட்டைக்குள்ள திணிச்சிட்டுத்தான் காலைத் துணியில சுத்தினேன். வைத்தியருக்கும் லியோனாவுக்கும் மட்டுந்தான் தெரியும். முப்பத்திரண்டு வருஷமா உன் தங்கச்சி எனக்காக வாயை மூடிக்கிட்டு இருக்கா."

தன் ரிவால்வரை எடுத்தார். ஐந்து தோட்டாக்களைத் தொப்பியில் கொட்டிவிட்டு, கத்தி முனையால் ஆறாவது குழியிலிருந்து தோல் சுருளை நெம்பி எடுத்தார். முழங்கால் மேல் வைத்துப் பிரித்தார். இரண்டு விரல் அகலத்தில் ஒரு துண்டு பூட்ஸ் தோல். நடுவில் ஒரு ஓட்டை. ஓரம் கறுத்திருந்தது.

"எப்பவாச்சும் ஆறாவது போடணும்னு புத்தி போச்சுன்னா விரலு இதுல முட்டணும்னு வச்சேன்."

டார்லா வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் ராய்ஸ் அந்தத் தோலைப் பார்க்கவில்லை.

"பெட்டூனியாவை நான் வித்துட்டேனேய்யா" என்றார். "கடிக்காது, உதைக்காது. குழந்தை மாதிரி இருந்தவளை, ஆளை மிதிச்ச கழுதைன்னு வித்துட்டேன். அன்னிக்கு உன்னை அவ மேலதான் ஏத்தி இறக்கினேன். பதினாலு மைலும் அவளைத் திட்டிக்கிட்டே வந்தேன்."

"தெரியும் மச்சான். நான் அவ முதுகுல உக்காந்து கேட்டுக்கிட்டுத்தானே வந்தேன். ஒரு இடத்துல கால் இடறல அவ."

ராய்ஸ் எழுந்து கழுதைகள் கட்டியிருந்த இடத்துக்குப் போனார். பனிக்குள் அவர் முதுகு மட்டும் தெரிந்தது. ஒரு கழுதையின் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். எச்சபே தட்டுகளில் கறியைப் பரிமாறினார். ஒருவரும் தொடவில்லை.

"ஆப்பிள் தோட்டக்காரர்கிட்டதானே போச்சு அது" என்றாள் டார்லா சத்தமாக, பனியைப் பார்த்து. "நான்தான் அந்த வீட்டுக்குத் தபால் போடுவேன். கடைசிவரைக்கும் ஆப்பிளாத் தின்னு யானை மாதிரி இருந்துச்சு. நம்மகிட்ட இருந்திருந்தா அண்ணனோட காபிய மோந்து பாத்தே செத்திருக்கும்."

மெர்லுக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கமாக இருந்தது, அந்த வயதில் முகம் சிவக்கும் என்று அவர் நினைத்ததில்லை. ஆனால் வெட்கத்துக்கு அடியில், சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. பேரோடு, இடத்தோடு, வருடத்தோடு அந்தக் கதையை இன்றைக்குத்தான் முழுசாகச் சொல்லியிருக்கிறார். சாட்சிக்குத் தோலும் வைத்துவிட்டார். இனி அந்தக் கதைக்காக விறகு சுமக்க வேண்டியதில்லை.

ராய்ஸ் திரும்பி வந்து மெர்லுக்கு வலது பக்கம், தன் இடத்திலேயே உட்கார்ந்தார். முகத்தைப் பார்க்கவில்லை. புது ரிவால்வரை எடுத்து ஆறையும் தொப்பியில் கொட்டினார். ஒன்று போட்டார். ஒரு குழியைத் தாண்டினார். நான்கு போட்டார். சுத்தியலை முழுக்க இழுத்து மெல்ல இறக்கினார். முப்பது வருடமாகக் கேலி செய்தபடியே பார்த்துவந்த பூசை என்பதால் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. மிஞ்சிய தோட்டாவைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார்.

"அஞ்சுதான்" என்றார். "உனக்காக இல்ல. பெட்டூனியாவுக்காக."

"சரி மச்சான்."

"ஊருக்குப் போனதும் லியோனாவை ஒரு வார்த்தை கேக்கணும்."

"கேளு."

மெர்ல் தோல் துண்டை முழங்கால் மேல் இழுத்துப் பிடித்தார். கத்தியை ஓட்டையின் நடுவில் வைத்து, ஒரே இழுப்பில் இரண்டாக அறுத்தார். ஆளுக்குப் பாதி ஓட்டை வந்தது. ஒரு பாதியைச் சுருட்டித் தன் ஆறாவது குழியில் வைத்துப் பெருவிரலால் அழுத்தினார். மறு பாதியைக் கையில் எடுத்தார். ராய்ஸ் வலது பக்கம், முழங்கை இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்திருந்தார். மெர்ல் இடது பக்கம் திரும்பி, நெருப்பைச் சுற்றி மச்சானிடம் வரட்டும் என்று, அதை டார்லாவின் கையில் கொடுத்தார்.